தாத்தா வேடமும் பாலன் குடிலும்



திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து வடக்கே புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில், நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கடந்தால் வருவது குச்சவெளி. ஒரு பக்கம் வங்கக்கடல். மற்றப் பக்கம் களப்பும் உவர்நிலமும் பற்றைக்காடும். அப்பகுதியில் வாழ்வோரில் பெரும்பாலார் முஸ்லிம்கள். அவர்களை அடுத்துச் சைவத் தமிழர். கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே.

சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை இக்கரையில் கடல் இணக்கமாக இருக்கும். அக்காலத்தில் கரைவலைகள் இழுபடும். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக்கரை ஊர்களிலிருந்துங்கூடத் தொழிலாளர் கிழக்குக்கரைக்கு வந்து, வாடியமைத்துத் தங்கித் தொழில் செய்வர். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்ததும் நிலைமை மாறிவிடும். வந்தவர்கள் தம் ஊர் திரும்புவர். கடல் சீறும். வள்ளங்கள் கரையேற்றப்பட்டுக் கிடக்கும். வலையைப் பழுது பார்ப்பதிலே நாட்கள் கழியும். கடைக்காரரின் கொப்பியில் கடன் ஏறும். கடற்றொழிலாளர் வீட்டில் காசு மிகக் குறைந்த மாதம் மார்கழி. அந்த மாதத்திலேதான் நத்தார் வருகிறது.

குளிர் நாடுகளிலே இப்பண்டிகை அறுவடை முடிந்து, களஞ்சியம் நிறைந்த பின்னர் வருவது. அங்கே வளர்ந்த விளையாட்டுகளும் பரிசுகளும் நிறைந்த களஞ்சியத்தின் விளையாட்டுகள். கிழக்கிலங்கையின் வெறுமையான வள்ளத்தருகே அவை வந்து சேரும்போது அவற்றின் பொருள் சற்று மாறிவிடுகிறது. நத்தார்க் களியாட்டத்தையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பது எப்படி என்று ஆராய்பவர் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

அந்த வீட்டை ஒரு கணம் மனக்கண்ணால் பார்க்கலாம். வாயிலில் மூங்கிற் சிலாகையும் வண்ணக் கடதாசியும் கொண்டு செய்த நட்சத்திரக் கூடு தொங்குகிறது. மண்டபத்தின் மூலையில் பாலன் குடில். கடற்கரை மணலைப் பரப்பி, பேணியில் முளைக்கவைத்த நெல் நாற்றை வயலாக நிறுத்தி, களிமண்ணால் ஆடும் மாடும் செய்து பிள்ளைகள் அதனை அமைத்திருக்கிறார்கள். அடுப்படியில் பயற்றம் பணியாரமும் முறுக்கும் வேகின்றன. இரவில் கரோல் குழு வருகிறது. அதன் முன்னே சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் முகமூடியும் அணிந்த ஓர் இளைஞன் மேளத்துக்கேற்ப ஆடி வருகிறான். அவனே நத்தார்த் தாத்தா. நத்தார் பாப்பா என்றும் சொல்வர். சிறு பிள்ளைகள் அலறிக்கொண்டு தாயின் சேலைக்குள் ஒளிகிறார்கள். சற்றே வளர்ந்தவர்கள் அவன் எறியும் டொபிக்குப் பாய்கிறார்கள். வேலிக்கு அப்பால் நின்று பார்க்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் சைவப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

இவற்றுள் எது பக்தி, எது விளையாட்டு? பிரித்துக் காட்டுவது எளிதன்று. ஆயினும் இரு சாரார் இக்கேள்விக்கு விரைந்து விடை கூறிவிடுகின்றனர். ஒரு சாரார், வேதாகமத்தில் இல்லாதவை யாவும் அகல வேண்டும் என்பர். மற்றொரு சாரார், பிள்ளைகள் மகிழ்ந்தால் போதும், எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்பர்.

முதற் சாராரின் வழி புதியதன்று. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647இல் நத்தார்க் கொண்டாட்டத்தையே நீக்கிச் சட்டம் செய்தது. அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்தார் 1659இல், அந்நாளைக் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தனர். அச்சட்டம் 1681 வரை நின்றது. பிரான்சின் டிஜோன் நகரில் 1951 டிசம்பர் 23ஆம் நாள், பேராலயத்தின் முன்றிலில், ஞாயிறு மறைப்பள்ளிப் பிள்ளைகளின் கண்முன்னே, நத்தார்த் தாத்தாவின் உருவமொன்று எரிக்கப்பட்டது. அவர் கிறிஸ்துவின் இடத்தைக் கவர்ந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. மறுநாளே அதே தாத்தா நகர மண்டபத்தின் கூரையில் தோன்றிக் கையசைத்தார். அந்நிகழ்ச்சியை வைத்து லெவி ஸ்திராவுஸ் என்னும் மானிடவியல் அறிஞர் 1952இல் ஒரு கட்டுரையே எழுதினார். தாத்தாவைப் பிள்ளைகள் நம்புவதைவிட, பிள்ளைகள் அவ்வாறு நம்பவேண்டும் என்னும் பெரியோரின் ஆசையே அதிகம் ஆராயத்தக்கது என்பது அவர் கருத்தின் சாரம். எரித்த பிள்ளைகளுள் எத்தனை பேர் அன்றிரவு வீட்டிலே பரிசை எதிர்பார்த்துப் படுத்தார்களோ, யாரறிவார்!

வேதாகமத்தில் இல்லாதவற்றை அகற்றுவது என்று புறப்பட்டால் தாத்தாவோடு நிற்க இயலாது. பாலன் குடிலில் நிற்கும் மாட்டையும் கழுதையையும் முதலில் வெளியேற்ற வேண்டும். லூக்கா எழுதிய பிறப்பு வரலாற்றில் அவை இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் முதலாம் அதிகாரத்தில் வேறொரு பொருள் குறித்துச் சொல்லப்பட்ட அவ்விலங்குகளைப் பிற்காலத்துப் பக்தர்களின் அன்பு தொழுவத்திற்குள் ஓட்டி வந்தது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மூவர் என்று மத்தேயு கூறவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் எண்ணிக்கை பிறந்தது. டிசம்பர் 25 என்னும் நாள்தானும் நான்காம் நூற்றாண்டு உரோமாபுரியின் குறிப்பினாலேயே தெரியவருகிறது. 1223ஆம் ஆண்டில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ், வைக்கோலும் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவந்து நிறுத்தி நள்ளிரவு வழிபாடு நடத்தியது ஒரு வகையில் விளையாட்டே. ஏழை மக்கள் கண்ணாலே கண்டு உருக வேண்டும் என்பதற்காக ஆடப்பட்ட புனிதமான விளையாட்டு அது. இன்றைய பாலன் குடில்கள் அனைத்தும் அதன் வழித்தோன்றல்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர் வரலாற்றிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்து பிறந்த ஊரைக் கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். குறிசொல்லும் குறத்தியும் பறவை பிடிக்கும் சிங்கனும் வரும் கேளிக்கை இலக்கியத்தை எடுத்து விசுவாசத்தின் கருவியாக்கிய துணிவு அவருடையது. அவருடைய முதுமையில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார் சிலர், விழாக்களில் மலர்களையும் வழிபாட்டில் தமிழிசையையும் ஒதுக்க முயன்றபோது அவர் கடுமையாக எதிர்த்தார். மலருக்கும் இசைக்கும் அவர் வாதாடியது நியாயம். ஆனால் அதே வாதத்திலே, நற்கருணையின்போது சாதிக்கொரு புறமாக அமரும் வழக்கத்தையும் அவர் சேர்த்துக் காக்க முனைந்தார் என்பதை மறைக்கலாகாது. அந்த வழக்கத்தைக் காக்க எவ்வித நியாயமும் இல்லை. “இது நம் வழக்கம்” என்று சொன்ன மாத்திரத்தில் எதுவும் நல்லதாகிவிடாது. “இது வேதத்தில் இல்லை” என்று சொன்ன மாத்திரத்தில் எதுவும் தீயதாகிவிடவும் மாட்டாது. வழக்கம் யாரை மகிழ்விக்கிறது, யாரைப் புறத்தே நிறுத்துகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை.

குடும்ப வழக்கம் விசுவாசத்தைத் தாங்கிய காலமும் இந்நாட்டில் இருந்தது. நத்தார் என்னும் சொல்லே போர்த்துக்கேய மொழியின் ‘நாற்றால்’ என்பதன் வழிவந்தது. போர்த்துக்கேயர் போனபின் ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாருக்கு இடங்கொடுத்தோர் தண்டிக்கப்பட்டனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். அவருடைய வரலாற்று நூல்கள், அவ்வாண்டுகளில் ஒரு நத்தார் இரவிலே, வீட்டுக்குள் இரகசியமாகப் பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துக்கொண்டதையும், அடிபட்டவர்களுள் உயிரிழந்தோர் இருந்ததையும் கூறுகின்றன. அடிகளார் 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்டார். கோயில் பூட்டப்பட்ட அந்த ஆண்டுகளில் விசுவாசத்தைச் சுமந்தவை விளக்கேற்றிய திண்ணைகளும், பாட்டிமார் சொல்லிக்கொடுத்த செபங்களுமே. ஆதலின் வீட்டு வழக்கத்தைச் சிறுமையாக எண்ணுவது நன்றியுடைமை ஆகாது.

இனி, இரண்டாம் சாராரின் பேச்சைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் மகிழ்ந்தால் போதும் என்கிறார்கள். எந்தப் பிள்ளைகள்?

நத்தார்த் தாத்தா வரலாற்றோடு ஓர் ஒப்பந்தமும் சேர்ந்தே வந்துவிட்டது. நல்ல பிள்ளைக்குப் பரிசு. கெட்ட பிள்ளைக்கு இல்லை. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார், கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். 2005இல் அமெரிக்காவில் ஒரு சிறு நூலோடு குட்டிப் பொம்மையொன்று விற்பனைக்கு வந்தது. வீட்டுத் தட்டில் அமர்ந்து பிள்ளைகளை வேவு பார்த்து, இரவுதோறும் தாத்தாவிடம் சென்று கோள் சொல்வது அதன் தொழில். கோள் சொல்லாதே என்று பிள்ளைக்குக் கற்பிக்கும் பெற்றோரே காசு கொடுத்துக் கோள்சொல்லியை வாங்கி வைப்பது வேடிக்கைதான்.

இந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மார்கழி மாதக் குச்சவெளிக்கு வரலாம். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் மகனுக்குத் தாத்தா துவிச்சக்கரவண்டி கொண்டுவருகிறார். அடுத்த வளவில், கடல் சீறி மூன்று கிழமையாகத் தொழிலுக்குப் போகாத ஒருவரின் மகனுக்கு அதே தாத்தா இரண்டு டொபியும் ஒரு பலூனும் கொண்டுவருகிறார். இருவரும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பரிசின் அளவு நற்குணத்தின் அளவு என்றால், இரண்டாவது பிள்ளை தன்னைப்பற்றி என்ன முடிவுக்கு வரும்? தந்தையிடம் காசு இல்லை என்று அறிந்த பிள்ளை அதனைத் தாங்கிக்கொள்ளும். ஏழைப் பிள்ளைகள் இயல்பாகவே அவ்வறிவு உடையவர்கள். ஆனால் விண்ணிலிருந்து வந்து எல்லாவற்றையும் கண்டறியும் ஒருவர் தன்னை நிறுத்துப் பார்த்து இரண்டு டொபிக்கே தகுதியானவன் என்று தீர்த்துவிட்டார் என்று நினைத்தால், அந்தக் காயம் வேறு. அதைத் தவிர்க்கவே தகப்பன் மனைவியின் தாலிக்கொடியைக்கூட அடகு வைக்கிறான். தை மாதத்திலும் கடல் இறங்காது. வட்டி மட்டும் ஏறும்.

தொழுவத்திலே பிறந்த பாலனைப்பற்றிக் கிறிஸ்தவம் சொல்லும் செய்தி இதற்கு நேர்மாறானது. அங்கே கணக்கு இல்லை. தகுதி பார்த்து அந்தப் பரிசு வரவில்லை. தகுதியற்றோரைத் தேடி வந்தது என்பதே அச்சமயத்தின் அடிப்படை. முதலிற் செய்தி கேட்டவர்கள் இராக் காவலில் நின்ற இடையர்கள். எனவே, சிவப்பு அங்கியாலும் பஞ்சுத் தாடியாலும் விசுவாசம் கெட்டுவிடாது. கணக்குப் புத்தகந்தான் கெடுக்கும். விளையாட்டிலிருந்து அகற்ற வேண்டிய பொருள் ஒன்று உண்டானால் அது அதுவே.

தாத்தாவின் மூலவர் என்று சொல்லப்படும் புனித நிக்கலஸ் கணக்கு எழுதியவர் அல்லர். இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் அவர். மூன்று பெண்மக்களை மணஞ்செய்து கொடுக்க வழியின்றிக் கலங்கிய ஒரு தகப்பனின் வீட்டுக்குள், மூன்று இரவுகளில் யாரும் அறியாமல் பொற்கிழிகளை எறிந்தார் என்பது மரபுக் கதை. சீதனக் கவலையை அறிந்த தமிழ்ச் சமூகத்திற்கு இக்கதையின் பாரத்தை விளக்க வேண்டியதில்லை. அவர் ஏன் இரவில் கொடுத்தார்? வாங்கியவர் ஊரில் தலைகுனிந்து நடக்கலாகாது என்பதற்காக. அந்த மறைவு ஏழையின் மானத்தைக் காக்க எழுந்த மறைவு. அது ஒல்லாந்து நாட்டு வழக்காகி, அமெரிக்காவுக்குச் சென்று, 1823இல் வெளிவந்த ஒரு பாட்டாலும், தோமஸ் நாஸ்ட் வரைந்த சித்திரங்களாலும், 1931 முதல் கொக்கா கோலா விளம்பரங்களாலும் இன்றைய பருத்த உருவம் பெற்றது. உருவம் பெருத்தது, மறைவின் காரணம் தேய்ந்துபோயிற்று.

அப்படியானால் பிள்ளைக்கு எதைச் சொல்வது? பொய் சொல்லலாமா என்னும் கேள்வி இங்கே வருகிறது. நல்ல மனமுடைய பெற்றோரே இதில் அதிகம் தடுமாறுகின்றனர்.

தமிழ்ப் பிள்ளைக்குப் பாவனை விளையாட்டுப் புதிதன்று. சிற்றில் கட்டுவதும் சிறுசோறு ஆக்குவதும் சங்கப் பாடல்களின் காலந்தொட்டு வருபவை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. தெய்வத்தையே குழந்தையாக்கி, மணல் வீட்டை மிதிக்காதே என்று கெஞ்சிய மரபு இது. குச்சவெளிக் கரையில் இன்றும் ஒரு சிறுமி சிரட்டையில் மணலை நிரப்பி, பூவரசம் இலையில் கவிழ்த்து, தாயிடம் கொண்டுவந்து நீட்டுவாள். தாய் அதை வாயருகே கொண்டுபோய்ச் சுவைப்பதுபோல் காட்டி, “உப்புக் கொஞ்சம் காணாது, மகள்” என்பாள். சிறுமி கைகொட்டிச் சிரிப்பாள். இங்கே ஏமாந்தவர் யார்? ஒருவருமில்லை. மணல் சோறன்று என்பது இருவருக்கும் தெரியும், தெரிந்திருப்பதிலேதான் இன்பம். ஆனால் நண்பகலில் அதே பிள்ளை பசியோடு வந்து இலையின் முன் அமரும்போது, தாய் மணலை அள்ளி வைத்துச் சோறு என்று சொன்னால் அது விளையாட்டாகாது.

மூன்று வயதுப் பிள்ளை தாத்தாவைக் கண்டு அலறட்டும், மகிழட்டும். அதற்கு மெய்யும் பாவனையும் இன்னும் பிரியாத வயது. ஏழெட்டு வயதில் ஒரு நாள் அது வந்து, “அப்பா, முகமூடிக்குள்ளே இருந்தது மாமாதானே?” என்று கேட்கும். அதுவே பசியோடு இலையின் முன் வந்து அமரும் நேரம். கேட்கும் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 1897இல் நியூயோர்க் நகரத்து ‘சன்’ பத்திரிகைக்கு எட்டு வயதுச் சிறுமியொருத்தி இதே கேள்வியை எழுதியனுப்ப, ஆசிரியர் தாத்தா உண்டு என்று அழகான விடையொன்று எழுதினார். அது உலகப் புகழ் பெற்றது. அழகு இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் சிறுமி கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று.

சில வீடுகளில், கேட்கும் பிள்ளையிடம், “நம்பினால்தான் பரிசு” என்று சொல்லி வாயடைக்கிறார்கள். இதைவிடக் கேடான சொல் கிறிஸ்தவ வீட்டில் வேறில்லை. நம்பு என்ற சொல்லைத்தான் அதே பெற்றோர் செபம் சொல்லும்போதும் பயன்படுத்துகிறார்கள். காணாத ஒருவர், இரவில் வருபவர், எல்லாம் அறிந்தவர், நம்பினால் தருபவர் என்று ஒருவரைக் காட்டி, பிறகு அவர் பஞ்சும் முகமூடியும் என்று வெளிப்பட்டால், பிள்ளை அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போகும். பத்து வயதில் போகாவிட்டால் இருபது வயதில் போகும். அப்போது பிள்ளையைக் குறை கூறிப் பயனில்லை.

மாறாக, உண்மையைச் சொல்லும் நாளையே ஒரு பதவியுயர்வாக ஆக்கிவிடலாம். “மாமாதான். இனி நீயும் தாத்தாவின் பக்கம். தம்பிக்குச் சொல்லாதே, இந்த முறை நீயும் எங்களோடு சேர்ந்து யாருக்கு என்ன கொடுப்பது என்று யோசி” என்று தகப்பன் சொன்னால், வாங்கும் வரிசையிலிருந்த பிள்ளை கொடுக்கும் வரிசைக்கு வந்துவிடுகிறது. ஏமாற்றம் எழ இடமே இல்லை. மேலும், இந்த விளையாட்டுக்குக் காசு வேண்டியதில்லை. ஒரு கொத்து அரிசி, வீட்டில் சுட்ட பலகாரம், பின்னிக் கொடுத்த ஒரு வலைத்துண்டு போதும்.

இவ்வளவும் விளையாட்டைப்பற்றியது. விளையாட்டால் தாங்க முடியாத பாரம் ஒன்று உண்டு; இந்தக் கரை அதனை அறியும்.

2004ஆம் ஆண்டு நத்தார் சனிக்கிழமை வந்தது. மறுநாள், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமியும் அன்றே. நட்சத்திரக் கூடுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன; பலகாரப் பெட்டியில் பாதி மீதியிருந்தது. சுமாத்திராவின் கடலடியில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைந்தது. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை எல்லாம் அதன் வாயில் அகப்பட்டன. நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களுள் பிள்ளைகள் மிகப் பலர். முஸ்லிம், சைவர், கிறிஸ்தவர், பௌத்தர் என்று அலை பார்க்கவில்லை. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்றும் பார்க்கவில்லை.

முன்னிரவில், நல்ல பிள்ளைகளிடமே தாத்தா வருவார் என்று கேட்டுறங்கிய ஒரு பிள்ளை, தங்கையை இழந்து முகாமில் அமர்ந்திருக்கும்போது என்ன கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், கணக்குப் புத்தகத்தின் கொடுமை விளங்கும். நன்மை செய்தால் பரிசு என்று பழக்கிய வாய், அலை வந்தபோது எந்த விடையும் சொல்ல முடியாமல் நின்றது. அதைவிடக் கொடுமை, சிலர் விடை சொன்னார்கள். பாவத்தின் தண்டனை என்றார்கள். அது அதே கணக்குப் புத்தகத்தின் மறுபக்கமேயன்றி வேறென்ன?

பாலன் குடிலோ அந்நாளையும் தாங்கக்கூடியது. அந்தக் கதையில் இடமில்லை என்று மூடிய கதவு இருக்கிறது. ஏரோது அரசனின் வாள் இருக்கிறது. நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய அகதிப் பெற்றோர் இருக்கின்றனர். நத்தாருக்கு மூன்றாம் நாளாகிய டிசம்பர் 28ஐ, ஏரோதினால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் நாளாகத் திருச்சபை நெடுங்காலமாக நினைவுகூருகிறது. பண்டிகையின் மகிழ்ச்சி கெடுமே என்று அந்நாளை முன்னோர் தள்ளி வைக்கவில்லை. போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து, தறப்பாளின் கீழே குடில் கட்டியவர்களுக்கு அக்கதை அயலார் கதையாகத் தோன்றியிராது. ஊரடங்கு இருந்த ஆண்டுகளில் பல இடங்களில் நள்ளிரவுப் பூசை மாலைக்கு மாறியது. தாத்தா வேடமும் மேளமும் தெருவில் வரவில்லை. குடில் மட்டும் எப்படியோ எழுந்தது.

தாத்தா வேடம் 25ஆம் திகதியோடு கழற்றப்படுவது. அதில் குறையில்லை, வேடம் என்றால் கழற்றத்தான் வேண்டும். வேடத்தையும் குடிலையும் ஒரே நிறையாக வீட்டில் வைப்பதே பிழை. எனவே வீட்டில் நேரமும் சொல்லும் பகிரப்படும்போது, பிள்ளையின் நினைவில் எது மூலையில் நிற்கிறது, எது நடுவில் நிற்கிறது என்று பெற்றோர் பார்த்துக்கொள்வது நலம். குடிலைக் கடையில் வாங்கி மின்விளக்குப் பூட்டி வைப்பதைக் காட்டிலும், திருவருகைக் காலம் தொடங்கும்போதே நெல்லை முளைக்கவிட்டு, மணல் அள்ளி வந்து, பிள்ளைகள் கையாலேயே கட்டுவிப்பது நன்று. தொட்டி வெறுமையாகவே இருக்கட்டும். நள்ளிரவில் வீட்டின் ஆக இளைய பிள்ளை பாலனைக் கொண்டுவந்து வைக்கட்டும். தினமும் ஓர் உதவி செய்து ஒரு வைக்கோல் தாளைத் தொட்டியில் இடும் வழக்கமும் கத்தோலிக்கர் சிலரிடம் உண்டு. அதனைக் கைக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யார் எத்தனை தாள் இட்டார் என்று எண்ணத் தொடங்கினால், வாசலால் வெளியேற்றிய கணக்குப் புத்தகம் யன்னலால் உள்ளே வந்துவிடும். பிறக்கும் பிள்ளைக்குப் படுக்கை விரிப்பவர் தாள்களை எண்ணுவதில்லை.

அயலாரைப்பற்றியும் ஒரு சொல். குச்சவெளி போன்ற ஊரில் நத்தார்ப் பலகாரத் தட்டு வேலி கடந்து போகும். திருக்குர்ஆனில் மரியாளின் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருப்பதை அறிந்த முஸ்லிம் வீட்டுப் பெரியவர்கள், பாலன் குடிலை நோக்கும் கண்ணில் அந்நியம் இராது. எனினும் அவர்கள் பிள்ளைக்கு எறியும் டொபி தூண்டிலாக இருக்கலாகாது. கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருவதே அழகு. ஆனால் இங்கே தமிழர் வழக்கம் ஒரு சிக்கலை வைக்கிறது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்ப எந்த வீட்டுக்கும் மனம் வராது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது வைத்து அனுப்புவார்கள். கைம்மாறு கருதாத கொடைக்கு இவ்வழக்கம் பகை என்று சிலர் எண்ணலாம். அப்படியன்று. கொடுத்தவன் எதிர்பார்ப்பது வேறு. பெற்றவன் மனமுவந்து தன் பங்குக்கும் கொடுப்பது வேறு. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தை மாரியைக் காட்டியே தொடங்குகிறார்.

அடைமழை பெய்யும் மார்கழி இரவில், விதவையாகிய ஒருத்தியின் படலையில் அரிசிப் பொட்டலத்தைத் தொங்கவிட்டு ஓடிவரும் பிள்ளைகளுக்கு இக்குறளின் உரை தேவைப்படாது. நாய் குரைக்கும், விளக்கு எரியும், “ஆரது?” என்று உள்ளிருந்து குரல் வரும். பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு வேலியோரம் குந்தியிருக்க வேண்டும். மறுநாள் வழிபாடு முடிந்து வரும்போது, அதே பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒன்றும் அறியாதவர்கள்போல் நடக்கவும் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எளிதன்று. அவர்கள் பேசாமல் இருக்கப் படும் பாட்டைப் பெற்றோர் சிரியாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் எளிதன்று.

டிசம்பர் 26ஆம் நாள் காலை 9.25க்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் அனுட்டிக்கப்படுகிறது. அந்நேரத்தில் வீட்டிலுள்ள பிள்ளைகளைக் குடிலருகே அழைத்து நிறுத்துவது பெற்றோரால் ஆகக்கூடியதே. சிவப்பு அங்கி அதற்கு முன்பே மடித்துப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கும். நட்சத்திரக் கூட்டை மட்டும் இறக்க வேண்டியதில்லை; மூவிராசாக்கள் வரும்வரை அது தொங்குவதுதானே வழக்கம்.